டச்சுக்காரர் ‘கல்’ என்றால் செங்கல்: நெதர்லாந்தில் கட்டட வேலைக்கு வருபவர்களுக்கு

நெதர்லாந்துக் கட்டட நிறுவனங்களில் சேரும் நம்மவர்களிடம் ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்றுதான் சொல்வார்கள். அலுவலகத்துக்குள் அது சரி. ஆனால் வரைபடம் டச்சில் இருக்கும், சைட்டில் கொத்தனார் டச்சில் பேசுவார். போலந்திலிருந்தோ ருமேனியாவிலிருந்தோ வந்த ஆட்களுக்கு அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை பல நேரம் நம் தலையில் விழும். செங்கல் வேலையில்தான் இந்த மொழிமாற்றம் அதிகம் சறுக்குகிறது. அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சொல் ‘ஸ்டேன்’. அகராதியைப் பார்த்தால் ஸ்டோன் என்று இருக்கும். ஆனால் டச்சுக் கொத்தனார் ‘ஸ்டேன்’ என்றால் பெரும்பாலும் செங்கல்லைத்தான் சொல்கிறார். முழுப்பெயர் பக்ஸ்டேன், அதாவது சுட்ட கல். யோசித்துப் பாருங்கள், நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? ‘ரெண்டாயிரம் கல் இறக்கியாச்சு’ என்றால் யாரும் கருங்கல் என்று எடுத்துக்கொள்வதில்லை. எனவே டச்சிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குத் தாவாமல், நடுவில் நம் ஊர் சைட் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுவரின் கனத்தைச் சொல்லும் சொற்களும் அப்படியே. ‘ஹால்ஃப்ஸ்டேன்ஸ்’ சுவர் என்று வரைபடத்தில் இருந்தால், பாதிக் கல்லை உடைத்து வைப்பது என்று பொருள் இல்லை. கல்லை நீளவாக்கில் ஒற்றை வரிசையாக வைத்துக் கட்டிய, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கனமுள்ள சுவர் அது. நம் ஊரில் நாலரை இஞ்ச் சுவர் என்போமே, அதுதான். ‘ஸ்டேன்ஸ்’ சுவர் என்றால் ஒரு கல்லின் நீளம் முழுவதும் கனம், 21 சென்டிமீட்டர். நம் ஒன்பது இஞ்ச் சுவர். ஆங்கிலத்தில் ஹாஃப்-பிரிக் வால், ஒன்-பிரிக் வால் என்று எழுத வேண்டும். ஸ்டோன் என்ற சொல் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஆட்களின் பெயரும் இதே மாதிரி. மெட்செலார் கொத்தனார். அவருக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கும் ஒப்பர்மான் நம் சித்தாள். பெயரில் ‘அப்பர்’ மாதிரி ஏதோ கேட்கிறதே என்று அவரை மேலதிகாரி ஆக்கிவிடாதீர்கள். கலவைக்கு ‘ஸ்பேசி’ என்பார்கள், ஆங்கிலத்தில் மார்ட்டர்.

அப்புறம், நம் தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று இருக்கிறது: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பு. நம் ஊரில் சுவர் எழும்பியதும் பூசிவிடுகிறோம், அதனால் இணைப்பை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இங்கே செங்கல்லை அப்படியே வெளியே தெரிய விடுகிறார்கள். கட்டி முடித்த பிறகு இணைப்புகளை நிரப்பித் தேய்த்து அழகாக்கவே ‘வூகர்’ என்று தனி ஆள் வருவார். இணைப்புக்குப் பெயர் வூக். படுக்கையாக ஓடுவது லின்ட்வூக், ஆங்கிலத்தில் பெட் ஜாயிண்ட். இரண்டு கல்லுக்கு நடுவே நிமிர்ந்து நிற்பது ஸ்டோட்வூக், ஆங்கிலத்தில் பெர்பெண்ட்.

இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். வந்த புதிதில், சுவரின் அடிப்பகுதியில் ‘ஓப்பன் ஸ்டோட்வூகன்’ என்று ஒரு குறிப்பைப் பார்த்து, அதை ‘ஓப்பன் ஜாயிண்ட்ஸ்’ என்று மாற்றி, மீதி வேலைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டேன். பட்டியலைப் படித்த ஆட்கள் நல்ல மனதோடு அத்தனை இடைவெளியையும் கலவையால் அடைத்துவிட்டார்கள். மறுநாள் வந்த கொத்தனார் ஒன்றும் திட்டவில்லை. என்னைச் சுவருக்கு முன்னால் குனியச் சொல்லி, அடைத்த இடத்தில் விரலை வைத்து, ‘தண்ணீர் எங்கே போகும்?’ என்று மட்டும் கேட்டார்.

இங்கே வீட்டுச் சுவர் பொதுவாக இரட்டைச் சுவர். வெளிச்சுவர் பௌடென்பிளாட், உள்சுவர் பின்னென்பிளாட், நடுவில் உள்ள இடைவெளி ஸ்பவ். மழை அடித்தால் வெளிச்சுவர் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே ஊறத்தான் செய்யும். அது ஸ்பவ்வுக்குள் வழிந்து, கீழேயும் ஜன்னல் மேலேயும் வேண்டுமென்றே கலவை வைக்காமல் விட்ட அந்தச் சந்துகள் வழியாக வெளியேறும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு வீப் ஹோல்ஸ் என்று பெயர். அன்று அடைத்த ஒவ்வொன்றையும் குடைந்து எடுக்க அரை நாள் ஆனது. அதிலிருந்து, ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன் பெயரை நான் மாற்றுவதில்லை.

அளவுகளில் ஒரு எச்சரிக்கை. ‘வால்ஃபோர்மாட்’ என்பது இங்கே மிகப் பரவலான கல், ரைன் ஆற்றின் கிளையான வால் ஆற்றின் பெயரில் வருவது. ஏறக்குறைய 210 x 100 x 50 மில்லிமீட்டர் இருக்கும்; சூளைக்குச் சூளை சில மில்லிமீட்டர் மாறும். இதை ‘ஸ்டாண்டர்ட் பிரிக்’ என்று எழுதினால், படிக்கும் பிரிட்டன்காரர் 215 x 102.5 x 65 என்று எடுத்துக்கொள்வார். அந்தக் கல்லில் ஒரு சதுர மீட்டருக்கு 60 போதும், வால் கல்லில் 70க்கு மேல் வேண்டும். எனவே பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் அளவை எழுதுங்கள்.

‘கல்க்ஸாண்ட்ஸ்டேன்’ இன்னொரு பொறி. பெயரில் சுண்ணாம்பு, மணல், கல் மூன்றும் இருப்பதால் லைம்ஸ்டோன், சாண்ட்ஸ்டோன் என்று கை போகும். இரண்டும் தவறு. சுண்ணாம்பையும் மணலையும் அழுத்தி நீராவியில் கெட்டியாக்கிய வெள்ளைக் கல் அது, உள்சுவருக்குப் பயன்படுவது. கால்சியம் சிலிகேட் என்று எழுதுங்கள்.

கல் தன் நீளப் பக்கத்தைக் காட்டினால் ஸ்ட்ரெக், ஆங்கிலத்தில் ஸ்ட்ரெச்சர். சிறிய முகத்தைக் காட்டினால் கோப், ஆங்கிலத்தில் ஹெடர். டச்சில் அதற்குத் தலை என்று பொருள். முக்கால் கல் டிரீக்ளெசோர், கால் கல் க்ளெசோர். கட்டும் முறைகளில், ‘ஸ்டான்ட் வெர்பான்ட்’ என்பதை ஆங்கிலத்தில் இங்கிலிஷ் பாண்ட் என்பார்கள். ‘குரௌஸ்வெர்பான்ட்’ என்பது இங்கிலிஷ் கிராஸ் பாண்ட். இதைச் சிலர் டச்சு பாண்ட் என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அந்தப் பெயரை வேறு முறைகளுக்கும் வைத்திருக்கிறார்கள், எனவே தவிர்ப்பது நல்லது. சந்தேகம் வந்தால் ஒரு சிறு படம் வரைந்து அனுப்புங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட் ஸ்கிப் கட்டடத்துக்குப் போய்வாருங்கள். மிஷேல் டி கிளர்க் நூறு ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் குடும்பங்களுக்காக வடிவமைத்த குடியிருப்பு. படுத்த கல், நிமிர்ந்த கல், அலைபோல வளையும் சுவர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. கையில் ஒரு நோட்டு வைத்து, பார்ப்பதை மூன்று மொழியிலும் எழுதுங்கள். முதலில் தமிழில்.