நோய் எதிர்ப்பு சக்தி: சேலத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை தொடங்கி, சேர்வராயன் மலை மேல் மேகம் இறங்கி நிற்கும் நாட்களில் சேலத்தில் வீட்டுக்கு வீடு சளி, இருமல், காய்ச்சல். நாட்டு மருந்துக் கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் அப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி, “எதிர்ப்பு சக்திக்கு என்ன கொடுக்கலாம்?” என்பதுதான். சூரணம், கஷாயப் பொடி, கரையும் மாத்திரை, டப்பாவில் அடைத்த சத்துமாவு என்று ஏதாவது ஒன்று கைக்கு வந்துவிடும். கேட்பவரின் கவலை நியாயமானது. ஆனால் எதிர்ப்பு சக்தி என்பது ஒரு பொருளை வாங்கி உடம்பில் ஏற்றிக்கொள்ளக் கூடியது என்ற எண்ணத்தில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளை அணுக்கள், கழுத்திலும் அக்குளிலும் இருக்கும் நிணநீர் முடிச்சுகள், மண்ணீரல், குடல் சுவர், தோல் என்று உடம்பு முழுவதும் பரவிய அமைப்பு அது. கிருமி நுழைந்தால் விரைந்து எழ வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அடங்கத் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்கினால் முடக்குவாதம், சொரியாசிஸ் போன்றவை வருகின்றன. தேவையில்லாததற்கெல்லாம் எழுந்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும். எனவே “எதிர்ப்பு சக்தியைப் பல மடங்கு பெருக்கும்” என்ற விளம்பரம் உண்மையாக இருந்தால், அதைக் கண்டு நாம் பயப்பட வேண்டும்.

நம் ஊரில் நான் மிகவும் கவலைப்படும் தவறு, காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நாள் கணக்கில் ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் கொடுப்பது. ஜவ்வரிசி சேலத்தின் பெருமை. மரவள்ளிக் கிழங்கை நம்பி இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எளிதில் செரிக்கும், வாய்க்குக் கசக்காது. எல்லாம் சரி. ஆனால் அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. நூறு கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம் புரதம்கூடக் கிடையாது. கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் புரதத்தால் ஆனவை. புதிதாகப் பெருக வேண்டிய வெள்ளை அணுக்களுக்கும் புரதம் வேண்டும். உடம்பு போராடும் வாரத்தில் பார்த்துப் பார்த்து அதையே நிறுத்திவிடுகிறோம்.

முதல் நாள் எதுவும் இறங்கவில்லை என்றால் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுங்கள், தவறில்லை. பசி திரும்பியதும் அதே கஞ்சியோடு வறுத்துக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பைச் சேருங்கள். பக்கத்து நாமக்கல்லில் இருந்து வரும் முட்டை ஒன்றை வேகவைத்துக் கொடுத்தால் ஆறு கிராம் புரதம் சேர்ந்துவிடும். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.83 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அறுபது கிலோ உள்ளவருக்கு ஐம்பது கிராம். தட்டு நிறையச் சோறும் தண்ணீராக ஓடும் சாம்பாரும் அந்த அளவை எட்டாது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, நிலக்கடலை, தயிர், மீன் என்று வேளைக்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். குறிப்பாக, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மீந்த ரசத்தோடு சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் அம்மாக்களின் தட்டில் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், சளி பிடிக்கும் என்று கொய்யாவையும் ஆரஞ்சையும் தயிரையும் மழைக்காலம் முழுவதும் ஒதுக்கிவிடுகிறோம். சளியைக் கொண்டுவருவது வைரஸ், பழம் அல்ல. பழத்தை நிறுத்திய அதே வீட்டில் வைட்டமின் சி மாத்திரை தினமும் கரைகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 65 முதல் 80 மில்லிகிராம் வரைதான். நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஏற்காட்டுச் சாலையோரத்தில் உப்பும் மிளகாய்த் தூளும் தூவித் தரும் ஒரு கொய்யாவே அன்றைய தேவைக்கும் அதிகம். நெல்லிக்காயும் அப்படித்தான். ஆனால் நீண்ட நேரம் கொதித்தால் அந்தச் சத்து பெருமளவு போய்விடும். துவையலாகவோ மோரில் அடித்தோ சாப்பிடுவது மேல். பாகில் ஊறிய தேன் நெல்லிக்காய் சுவையான இனிப்பு, அவ்வளவுதான்.

மாத்திரை என்ன செய்யும்? தொடர்ந்து எடுத்தவர்களுக்குச் சளி வருவது குறையவில்லை, வந்த சளி பெரியவர்களில் எட்டு சதவீத அளவு சீக்கிரம் விட்டது என்பதே ஆய்வுகளின் முடிவு. சளி பிடித்த பிறகு தொடங்கினால் அந்தப் பயனும் உறுதியில்லை. அளவுக்கு மீறியது சிறுநீரில் போகும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லாக மாறும். சேலத்து வெயிலில் தண்ணீர் குடிக்க மறப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மூலிகைக்கு வருவோம். 2020இல் கொரோனா பரவியபோது கபசுரக் குடிநீர் தெருத்தெருவாகக் கொடுக்கப்பட்டது. பதினைந்து சரக்குகள் சேர்ந்த மருந்து அது. மருந்து என்றாலே அளவும் நாள் கணக்கும் உண்டு. சித்த மருத்துவர்கள் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். தேநீர் போல ஆண்டு முழுவதும் இரட்டிப்புக் காரத்தில் காய்ச்சிக் குடிப்பது நாமாகச் செய்துகொண்டது. சீந்தில் கொடியும் அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தது. அதை உட்கொண்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த நோயாளிகளைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது சீந்தில்தானா, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் கேட்டது. இரண்டில் எது சரியாக இருந்தாலும் நமக்குப் பாடம் ஒன்றே: வேலியில் படர்ந்த கொடியை அடையாளம் தெரியாமல் பறித்துக் குடிக்கக் கூடாது. முடக்குவாதம், சில வகைத் தைராய்டு கோளாறு போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தயாரித்தவர் பெயர் இல்லாத பொட்டலப் பொடிகள் இன்னும் ஆபத்தானவை. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி போகும், பசி எடுக்கும், ஆனால் உள்ளே எதிர்ப்பு சக்தி அடக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

மஞ்சள் பால் தொண்டைக்கு இதம். ஏற்காட்டு மிளகைத் தட்டிப் போட்டால் மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் கூடுதலாகச் சேரும். இரவு அதைக் குடித்துவிட்டுப் படுத்தால் நல்லதுதான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, மலைத் தேன், கருப்பட்டி என்று மாறிவிட்டதால் சர்க்கரை நோய்க்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை பெரும் தீங்கு செய்கிறது. ரத்தச் சர்க்கரையை இவை எல்லாமே ஏற்றும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன, கால் புண் ஆறுவதில்லை, காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர் எதிர்ப்பு சக்திக்காகச் செலவிட நினைக்கும் முதல் பணத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தேன் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் பழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்தச் சின்னக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கெட்டுப்போன பால் என்று சிலர் பீய்ச்சிக் கீழே விடும் மஞ்சள் நிறச் சீம்பாலில்தான் தாயின் எதிர்ப்பொருள்கள் செறிந்திருக்கின்றன. முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குச் சேர வேண்டியது அதுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். பாட்டியின் மனம் நோகக் கூடாது என்று பார்த்தால், சேனைக்குப் பதிலாகக் குழந்தையை முதலில் கையில் ஏந்தும் உரிமையை அவருக்குக் கொடுங்கள்.

உணவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் தூக்கத்தைப் பேசுவதே இல்லை. 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 153 பேரின் மூக்கில் சளி வைரஸ் துளிகளை விட்டுப் பார்த்தார்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குபவர்களைவிட, ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. இளம்பிள்ளையிலும் தாரமங்கலத்திலும் இரவு ஷிப்டில் தறி ஓட்டுபவர்களுக்கும், தீபாவளி நெருங்க நெருங்க விடிய விடியக் கொலுசுப் பட்டறையில் குனிந்திருப்பவர்களுக்கும் “நன்றாகத் தூங்குங்கள்” என்று சொல்வது எளிது. வேலையை அவர்களால் மாற்ற முடியாது. ஆனால் இரவு வேலை முடிந்து வருபவருக்கு இருட்டாக்கிய ஓர் அறையையும், எழுப்பாத ஏழு மணி நேரத்தையும் வீட்டார் கொடுக்க முடியும். நள்ளிரவில் நாலு டீயும் ஒரு தட்டுவடை செட்டும் இராச்சாப்பாடு ஆகாது. முதலிலேயே ஒரு முட்டைச் சோறோ சுண்டலோ கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். சாப்பிட்ட உடனே காபியோ டீயோ குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேர இடைவெளி போதும். ஏற்காட்டுக் காபியை யாரும் விட வேண்டியதில்லை.

காலை ஆறரை மணி வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று நினைத்துக் காந்தி ஸ்டேடியத்தில் நடப்பவர்கள் உண்டு. நடையை விடாதீர்கள், அது தனியாகவே நல்லது. ஆனால் அந்தச் சத்தை உண்டாக்கும் கதிர்கள் சூரியன் உயர்ந்த பிறகுதான் போதிய அளவில் நம்மை அடைகின்றன. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கை, கால் தெரியப் பதினைந்து நிமிடம் போதும். சித்திரை வெயிலில் அதுவும் குறைவாகப் போதும். வாரம் ஒன்று என்று மருத்துவர் எழுதிய 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்தைத் தினமும் விழுங்குவது ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இயற்கை வழி என்ற பெயரில் தடுப்பூசியை ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு. அம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான் ஆகியவற்றின் முகத்தை உடம்புக்கு முன்கூட்டியே காட்டிவைப்பது தடுப்பூசி. அதைக் கொண்டு எதிர்ப்பு சக்தியை வளர்த்துக்கொள்வது உடம்பு. எந்தக் கீரையும் அந்த அறிமுகத்தைச் செய்து வைக்காது. அதே போல, சாதாரண சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்துவதும் வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது, குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைத்தான் அழிக்கும். பழைய சோறும் தயிரும், சூரமங்கலம் அல்லது அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் அன்றாடம் வரும் கீரையும் காயும் அந்த நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், மாலையில் வரும் காய்ச்சல், காரணம் தெரியாத எடைக் குறைவு, ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, அடிக்கடி வாயில் வெண்படலம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.