குழந்தைக்கு முன்னால் மூன்று மாதம்: கணவன் மனைவி இருவரும் செய்துகொள்ள வேண்டியவை

கல்யாணமாகி முதல் ஆடிச் சீர் வருவதற்குள் "ஏதாச்சும் விசேஷமுங்களா?" என்று கேட்கத் தொடங்கிவிடும் ஊர் நம்முடையது. அதற்குப் பதில் தேடும் முன் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கரு உருவாகி ஏறக்குறைய 28 நாளில், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் அது ஆறாவது வாரம். நாள் தள்ளிப்போய், "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று இருந்து, கிட்டில் இரண்டு கோடு பார்த்து, கிராம சுகாதார செவிலியரிடம் பேர் பதியும்போது பெரும்பாலும் அந்த வாரம் கடந்து போயிருக்கும். அதற்குப் பிறகு தொடங்கும் ஃபோலிக் மாத்திரை அந்தக் குழாய்க்கு உதவாது. ஆண் பக்கமும் இதே கதைதான். இன்றைக்கு வெளியாகும் விந்தணு உருவாகத் தொடங்கி இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதனால்தான் மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

ஃபோலிக் அமிலம்

சாதாரணமாகத் தேவை தினம் 400 மைக்ரோகிராம். மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது, குறைந்தது ஒரு மாதமாவது வேண்டும். கர்ப்பமாகி 12 வாரம் வரை நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் வெறுமனே "ஃபோலிக் ஆசிட்" என்று கேட்டால் பெரும்பாலும் 5 மி.கி. அட்டைதான் கைக்கு வரும். அது 400 மைக்ரோகிராமைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. அந்த அளவு தேவைப்படுபவர்கள் உண்டு: முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தவர்கள், வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள். மற்றவர்கள் அட்டையின் பின்பக்கம் அளவைப் படித்து வாங்குங்கள்.

சைவக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கறி, முட்டை தொடாமல் பாலும் குறைவாகக் குடிப்பவர்களுக்கு பி12 குறைந்திருக்கலாம். அதிக ஃபோலிக் அமிலம் அந்தச் சோகையை மறைத்துவிடும். ரத்தம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். முதலில் பி12 அளவு பார்த்துக்கொள்ளுங்கள். "தினம் முருங்கைக்கீரை சாப்பிடுறமே, போதாதுங்களா?" என்றால், போதாது. கீரையில் ஃபோலேட் இருக்கிறது, ஆனால் கொதிக்க வைத்துத் தண்ணீரை வடிக்கும்போது பெரும்பகுதி போய்விடும்.

ரத்தம்

கர்ப்பமாகாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 9, 10-ஐ வைத்துக்கொண்டு "உண்டானதும் மாத்திரை கொடுப்பாங்க" என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் அந்த எண் தானாகவே இன்னும் இறங்கும்.

இரும்புச்சத்து மாத்திரை வாங்கிய பிறகும் ஹீமோகுளோபின் ஏறாததற்குக் காபி, டீயும் ஒரு காரணம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இரண்டையும் தள்ளிவையுங்கள். பால், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக உறிஞ்சும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீர்கள், அது இயல்புதான். தோட்டத்தில் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு இருந்தால் எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் தங்காது. அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு மாத்திரையை இப்போதே போட்டுவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதைப் போட முடியாது.

ரத்தம் ஊற வேண்டும் என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) சமைத்துக் கொடுத்தால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஈரல் விஷயத்தில் மட்டும் அடக்கம் வேண்டும். ஆட்டு ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கரு உருவாகும் வாரங்களில் அது அளவு மீறினால் குழந்தையின் உறுப்புகளைக் கெடுக்கக் கூடும். முயற்சி தொடங்கியதிலிருந்து ஈரலைத் தள்ளிவைப்பதே மேல்.

மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஏறவில்லை, ரத்த அணுவின் அளவும் சிறிதாக இருக்கிறது என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கடத்தியாக, அதாவது நோய் வெளியே தெரியாமல் அந்த மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். அதற்கு எச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் கணவருக்கும் பார்க்க வேண்டும். இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நீலகிரியிலும் ஆனைகட்டி, அட்டப்பாடிப் பக்க மலைகளிலும் வாழும் இருளர், பணியர் போன்ற பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுச் சோகை அதிகம். அங்கே இந்தப் பரிசோதனையைக் கல்யாணத்துக்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

கூட்டம் வேறு, ரத்தம்?

ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பது இங்கே கொங்கு நாட்டில் கறாரான வழக்கம். பங்காளி என்றால் பத்துத் தலைமுறை தள்ளியிருந்தாலும் அண்ணன் தங்கை முறை. ஆனால் கூட்டம் தகப்பன் வழியில் மட்டும் எண்ணப்படுவது. மாமன் மகள் வேறு கூட்டம், அத்தை மகனும் வேறு கூட்டம். மரபணுவுக்கு அந்த வேலி தெரியாது. மாமன் மகளும் அத்தை மகனும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாகக் கொண்டவர்கள். அக்கா மகளைக் கட்டினால் அது நான்கில் ஒரு பங்கு. தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்த ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்தால் நோய் வெளிப்படும். உறவில்லாத தம்பதிக்குப் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று. முறைப்பெண் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரட்டிப்பானாலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கட்டியாயிற்று, இனி என்ன செய்வது? ஒரு தாளில் மூன்று தலைமுறை எழுதுங்கள். காது கேட்காதவர், சின்ன வயதில் நடை தளர்ந்தவர், அடிக்கடி ரத்தம் ஏற்றியவர், காரணம் தெரியாமல் இறந்த குழந்தை, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு என எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்பத்தாவிடம் உட்கார்ந்து கேட்டால்தான் பாதி விவரம் கிடைக்கும். கல்யாணப் பேச்சில் மறைத்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அந்தத் தாளோடு மரபணு ஆலோசனைக்குப் போங்கள். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் அந்தக் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். என்ன பழுது என்று தெரிந்தால்தான் அடுத்த கருவில் அதைத் தேட முடியும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். கர்ப்பமான பிறகு தொடங்கினால் நேரம் போதாமல் போகலாம்.

சர்க்கரை, தைராய்டு, பி.பி.

சர்க்கரை உள்ளவர்கள் எச்.பி.ஏ.1சி-யை (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு முயற்சி செய்வது நல்லது. 10-க்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். குழந்தைக்கு இதயக் குறை, கருச்சிதைவு இரண்டுக்கும் வாய்ப்பு அப்போது மிக அதிகம். மெட்ஃபார்மின், இன்சுலின் தொடரலாம். மற்ற சர்க்கரை மாத்திரைகளை டாக்டர் மாற்றித் தருவார். கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும். மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் இவற்றில் ஏதாவது எடுத்தால் கர்ப்பத்துக்கு முன்பே லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவற்றுக்கு மாற வேண்டும். முதல் வகை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் அட்டையிலும் பெயரைப் படியுங்கள். கொண்டுவருபவரிடம் "குழந்தைக்குப் பார்க்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

தானாக நிறுத்தக் கூடாத மாத்திரைகள்

வலிப்புக்கான வால்ப்ரோவேட் எடுக்கும் தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. அறிவு வளர்ச்சியும் பாதிக்கும். அதைக் கேள்விப்பட்டு மறுநாளே நிறுத்துபவர்கள் உண்டு. வலிப்பு திரும்ப வந்தால் தாய்க்கே உயிராபத்து. வேறு மருந்துக்கு மாறி, அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க மாதங்கள் ஆகும். இதய வால்வு மாற்றி வார்ஃபரின் எடுப்பவர்கள், மனநல மாத்திரை எடுப்பவர்கள் விஷயத்திலும் டாக்டரோடு பேசித்தான் முடிவு. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினை மட்டும் கட்டாயம் நிறுத்த வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் போக வேண்டும்.

குழந்தை வரத்துக்கென்று தரும் லேகியம், செந்தூரம், பற்பம் வகைகளில் பாதரசமோ ஈயமோ இருக்கக் கூடும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

தடுப்பூசி

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். அப்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்களில் பலருக்கு ரூபெல்லா ஊசியே கிடையாது. கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகும். ஊசி போட்டு 28 நாள் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். சின்னம்மை வராதவர்களுக்கு அதற்கும் இரண்டு ஊசி உண்டு. ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனையை இருவரும் செய்துகொள்ளுங்கள். பெண் ஆர்.எச். நெகட்டிவாக இருந்து, முன்பு கரு கலைந்தபோது ஆன்டி–டி ஊசி போடவில்லை என்றால், குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று காட்டும் ஐ.சி.டி. பரிசோதனையும் இப்போதே.

வேலை செய்யும் இடம்

மஞ்சள், வாழை, பருத்திக்கு மருந்தடிப்பவர் ஆணாக இருந்தாலும் விஷம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மருந்தடித்த லுங்கியையும் சட்டையையும் மற்ற துணியோடு ஊறப்போட்டு, மனைவி வெறுங்கையால் கும்மித் துவைப்பதுதான் வழி. அந்தத் துணி தனி வாளிக்குப் போகட்டும், அடித்தவரே துவைக்கட்டும். தோட்டத்திலேயே குளித்து மாற்றுத் துணி கட்டி வந்தால் இன்னும் நல்லது. மருந்து கலக்க நீளக் குச்சியும் கையுறையும் வேண்டும். அடித்த காட்டுக்குள் களையெடுக்க அன்றைக்கே இறங்கக் கூடாது, லேபிளில் போட்டிருக்கும் இடைவெளி விடுங்கள்.

நாமக்கல் பக்கக் குஞ்சு பொரிப்பகங்களில் ஃபார்மலின் புகை போடும் வேலையிலிருந்து பெண்கள் விலகிக்கொள்ளுங்கள், கருச்சிதைவோடு அதற்குத் தொடர்புண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கறை நீக்கும் ஸ்ப்ரே கன் பிடிப்பவர்கள், சாயப்பட்டறையில் இருப்பவர்கள் காற்றோட்டமுள்ள பிரிவுக்கு மாற்றிக் கேளுங்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று அங்கேதான் ஆரம்பிக்கிறது. பேட்டரி, ஈயம் உருக்கும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள் ரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்க வேண்டும். சேலத்துக் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பவர்கள் அந்தப் பொடியில் காட்மியம் இருக்கிறதா என்று கேட்டறியுங்கள்.

கணவருக்கு

விதைப்பை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உருவாகும். கோவை ஃபவுண்டரியில் உலை முன்னால் நிற்பவர், என்ஜின் சூட்டில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் சங்ககிரி, நாமக்கல் லாரி டிரைவர், மடியில் லேப்டாப் வைப்பவர் மூவருக்கும் இது பொருந்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், இறுக்கமில்லாத உள்ளாடை போடுங்கள். பீடி, ஹான்ஸ், குடி மூன்றையும் மூன்று மாதம் முன்பே விடுங்கள். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். விட்ட பிறகு மீள ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும், சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு கொண்டுபோங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுப்படி ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணு, அசைவு 42 சதவீதம் என்பவை கீழ் எல்லை. ஒரு ரிப்போர்ட் சரியில்லை என்றால் உடனே முடிவு கட்டாமல் இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மனைவியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விட்டுவிட்டு இந்த ஒரு டெஸ்ட்டுக்குத் தயங்கும் வீடுகளில் வருடங்கள் வீணாகின்றன.

முயற்சி தொடங்கிய பிறகு

அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு முட்டை வெளிவரும். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கருத்தரிக்கும் காலம். ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். பெண்ணுக்கு 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம், மேலே என்றால் ஆறு மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு எடையும் அதிகமுள்ளவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும். சிசேரியன் ஆனவர்கள் அடுத்ததற்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் இடைவெளி விடுங்கள்.

கிட்டில் இரண்டு கோடு வந்த அன்றைக்கே தைராய்டுக்காரர்கள் டாக்டருக்கு போன் செய்யுங்கள். வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூட்டச் சொல்வது வழக்கம். 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள், அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு அது முக்கியம். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, ரத்தக்கசிவு, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.