அதிருப்தியை வீணாக்காமல் மாற்றத்திற்குப் பயன்படுத்துவது எப்படி?

அதிருப்தி தலைதூக்கும்போதெல்லாம் அதை அடக்கிக்கொள்வதே பக்குவம் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. போதுமென்ற மனம் ஆசைகளுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அநீதியைச் சகித்துக்கொள்வதற்கும், நம் திறமை துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் அதே மருந்தைக் கொடுப்பது தவறு. ஏதோ சரியில்லை என்று நமக்கு முதலில் உணர்த்துவது அதிருப்திதான் என்பதால், அது என்ன சொல்கிறது என்று முழுவதும் கேட்ட பிறகே அதை என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும்.

அதற்கு முதலில் எழுதத் தொடங்குங்கள். 'வாழ்க்கையே பிடிக்கவில்லை' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதையும் மாற்ற முடியாது. எது உறுத்துகிறது, எப்போது, எத்தனை முறை, யாருடைய முடிவால் என்று இரண்டு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். வேலையே கசந்துவிட்டது என்று நினைத்திருந்த ஒருவர், தம்மை வாட்டுவது வேலை அன்று, செய்த வேலையைப் பற்றி எவரும் ஒரு சொல்கூடச் சொல்லாததுதான் என்று கண்டுகொள்ளக்கூடும். அப்படியானால் அவர் எழுத வேண்டியது ராஜினாமாக் கடிதம் அன்று, மேலாளரிடம் நேரம் கேட்கும் கடிதம்.

அடுத்து, இந்தக் குறை உங்களுடையது மட்டும்தானா என்று விசாரியுங்கள். இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1949-இல் ஜோ ஆன் ராபின்சன் என்ற கறுப்பினக் கல்லூரி ஆசிரியை, ஏறக்குறைய காலியாக இருந்த பேருந்தில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட முன்பக்கம் அமர்ந்ததற்காக ஓட்டுநர் கத்தவே, அழுதுகொண்டே இறங்கினார். அந்த அவமானத்தைத் தம்மோடு புதைத்துக்கொள்ளாமல் பிற பெண்களிடம் சொன்னபோதுதான், அது அந்த ஊரில் அன்றாடம் நடப்பது என்று தெரிந்தது. பிறகு அவர் அந்த ஊர்க் கறுப்பினப் பெண்களின் அமைப்பான பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவியானார்; நிலைமை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிப்போம் என்று 1954 மே மாதம் மேயருக்குக் கடிதம் எழுதினார். 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானபோது, ராபின்சன் இரவோடிரவாகப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். நான்கே நாளில் தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்து, பேருந்துகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்த பின்னரே முடிந்தது. 1949-க்கும் 1955-க்கும் இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுப் பொறுமையான தயாரிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

கோபம் இருந்தும் காரியம் நகரவில்லையென்றால், நிர்வாக ஆலோசகர் டேவிட் கிளைக்கர் 1960-களில் முன்வைத்த சூத்திரம் ஒன்று உதவும். அதிருப்தி, விரும்பும் நிலையைப் பற்றிய தெளிவான சித்திரம், உடனே எடுக்கக்கூடிய முதல் அடி ஆகிய மூன்றின் பெருக்கற்பலன், மாற்றத்திற்கு எதிரான தடையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. கூட்டாமல் பெருக்குவதால், மூன்றில் ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யமே. மாண்ட்கோமரியில் பேருந்தில் ஏறாதவர்கள் வேலைக்குப் போக, சொந்தக் கார்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருந்தது; அது இல்லாமல் நியாயமான கோபம் மட்டும் ஓராண்டுக்கு மேல் தாங்கியிருக்காது. ஆகவே எது குறைகிறது என்று பார்த்து அதை வளர்த்துக்கொள்ளுங்கள். பலருக்கும் குறைவது முதல் அடிதான், அதை ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய அளவுக்குச் சிறியதாக்குங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அதிருப்தி எளிதில் அருகில் இருப்பவர்மீதோ, திருப்பிப் பேச முடியாதவர்மீதோ பாயும். குறிப்பேட்டில் 'யாருடைய முடிவால்' என்று கேட்கச் சொன்னது இதற்காகவும்தான். ஒரு விதியை எழுதியவருக்கும் அதை நிறைவேற்றும் கடைநிலை ஊழியருக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பதில் காட்டும். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். அன்று எழுதிய வாக்கியம் அப்படியே உண்மையாக இருக்குமானால், குறையை அல்ல, முதல் அடியை மாற்றி எழுதுங்கள்.