தனி ஆளுக்கு வாங்கிய சாலட் காய் ஏன் சீக்கிரம் வீணாகிறது?

தனியாகச் சமைப்பவர்களின் முதல் தவறு சந்தையிலேயே நடக்கிறது. சேலத்தின் சூரமங்கலம், அஸ்தம்பட்டி உழவர் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றிலும் ஒரு கிலோ வாங்கிவிடுகிறார்கள். மூன்று நாளைக்கு இரண்டு வெள்ளரிக்காய், கால் கிலோ கேரட், மூன்று தக்காளி தாராளம். தக்காளியில் பழுத்தது ஒன்று, செங்காய் இரண்டு என்று பொறுக்குங்கள். செங்காய் வெளியிலேயே பழுக்கட்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பதும் நின்றுபோகும், ருசியும் குறையும்.

பெரிய தவறு, வந்ததும் எல்லாவற்றையும் கழுவி, ஈரத்தோடு கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு வைப்பது. பறித்த பிறகும் காய் சுவாசிக்கும். அதிலிருந்து வெளியேறும் ஈரம் போக வழியில்லாமல் பைக்குள் துளித்துளியாகக் கோத்து நிற்கும். அது படும் இடம்தான் முதலில் கொழகொழத்துப் போகும். அதற்காகத் திறந்தும் போடக்கூடாது, ஃபிரிட்ஜின் வறண்ட காற்றில் கேரட் வதங்கிவிடும். கழுவாமல், உலர்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். துணி ஈரமானதும் மாற்றுங்கள். ஏற்காட்டில் பனிமூட்ட நாட்களில் துணி காய்வதே சிரமம், இரண்டு மூன்று துண்டுகளைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

கேரட், முள்ளங்கி இலைகளை அன்றே கிள்ளிவிட வேண்டும். விட்டால் கிழங்கின் நீரை அவை இழுத்துக்கொள்ளும். வதங்கிய கேரட்டைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டால் மறுபடி விறைக்கும். வழவழத்தது தேறாது, தூக்கிப் போடுங்கள்.

வெள்ளரிக்கு அதிகக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் தோலில் குழி விழுந்து, சதை நீர்த்துப் போகும். ஃப்ரீஸருக்கு அடியில் உள்ள தட்டை விட்டு, கீழே காய்கறி டிரேயில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

மாம்பழ சீசனில் சேலத்து வீடுகளில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பழுக்கும் மல்கோவா, காய்களைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் இருக்கும் வெள்ளரி மஞ்சளாகும், கேரட் கசக்கும், கொத்தமல்லி பழுத்துவிடும். வாழைப்பழமும் இதையே செய்யும். பழங்களுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

முட்டைக்கோஸைப் பாதியாக வெட்டாமல் வெளி இலைகளை உரித்து எடுத்தால் மிச்சம் பல நாள் தாங்கும். தட்டுவடை செட்டுக்கு (இரண்டு தட்டைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைக்கும் சேலத்துத் தின்பண்டம்) துருவிய கேரட், பீட்ரூட் மிஞ்சினால் உடனே மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். உப்பும் எலுமிச்சையும் தட்டில் எடுத்த பங்குக்கு மட்டும். முழுவதிலும் கலந்தால் நீர் விட்டுத் துவண்டுவிடும். நறுக்கிய காய் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மணி நேரம்தான்.