பால் சீட்டில் தேதி பிசகியது ஏன்? வைல்ட்ஃபிளையைக் கண்டெய்னரில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேரன்மகாதேவி பக்கம் ஒரு பால் கொள்முதல் மையத்துக்குச் செய்துகொடுத்த ஜாவா மென்பொருள் அது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, ஜாவா மென்பொருள்களை ஓட்டும் வைல்ட்ஃபிளை சர்வரோடு சேர்த்து டாக்கர் கண்டெய்னரில் (மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) ஏற்றிவிட்டு, பாளையங்கோட்டையில் நிம்மதியாகப் படுத்தேன். காலை ஆறு மணிக்கு போன். "தம்பி, விடியக்காலம் ஊத்துன பாலு நேத்து சாயங்காலக் கணக்குல ஏறியிருக்கு. ஆளாளுக்குச் சத்தம் போடுதாவ."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று சொல்லி, சீட்டுகளை வாட்ஸப்பில் வாங்கிப் பார்த்தேன். ஐந்தரைக்குச் சற்று முன்னால் ஊற்றியவருக்கு நேற்றைய தேதி, மாலை வேளை. அவருக்கு அடுத்து கேனோடு நின்றவருக்கு இன்றைய தேதி, காலை வேளை. வரிசை சரியாக ஐந்தரையில் உடைந்திருந்ததைப் பார்த்ததுமே என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். கண்டெய்னருக்குள் கடிகாரம் யூடிசி நேரத்தில், அதாவது நமக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. நமக்கு விடியற்காலம் 5.28 என்றால் அதற்கு முந்தின நாள் இரவு 11.58. பகல் பன்னிரண்டுக்குப் பிறகு வந்தால் மாலைப் பால் என்று நிரலில் எழுதியிருந்தோம். அது எழுதியபடியே நடந்துகொண்டது. கவனிக்காமல் விட்டிருந்தால் அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு முன் ஊற்றும் பாலெல்லாம் காலைப் பாலாகியிருக்கும்.

கண்டெய்னரின் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் சூழல் மாறியில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் ஜாவா அதை எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் தனிக் கண்டெய்னரில் ஓடினால் அதன் நேரத்தையும் பாருங்கள். அங்கேயும் யூடிசிதான் இருக்கும்.

பலர் இந்த நேர மண்டலத்தை ஜாவாவுக்கான அமைப்புகளைச் சொல்லும் ஜாவாஆப்ட்ஸ் மாறியில் திணிக்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அந்த மாறியை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால், வைல்ட்ஃபிளை தன் கன்ஃபிக் கோப்பில் வைத்திருக்கும் இயல்பு அமைப்புகளைச் சேர்க்காது. 512 எம்பி ஹீப் (ஜாவா தன் தரவை வைக்கும் நினைவகப் பகுதி) என்ற அளவும் அதோடு போய்விடும். பிறகு ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் தன் வழக்கப்படி கண்டெய்னருக்குக் கொடுத்த நினைவகத்தில் கால் பங்கைத்தான் ஹீப்பாக எடுக்கும். 1 ஜிபி கண்டெய்னரில் 256 எம்பி. நேரத்தைத் திருத்தப் போய் சர்வர் மூச்சுமுட்ட ஆரம்பித்தது அப்படித்தான்.

அதற்காக 1 ஜிபி கண்டெய்னரில் 1 ஜிபி ஹீப் கொடுத்தாலும் ஆகாது. நிரலின் வகுப்பு விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸ், வேலைகளை ஓட்டும் த்ரெட் எல்லாம் ஹீப்புக்கு வெளியேதான் இடம் எடுக்கும். மொத்தம் எல்லை தாண்டினால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் சர்வரையே கொன்றுவிடும். வைல்ட்ஃபிளை லாகில் ஒரு வரி இருக்காது. கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடக்கும். கைக்கணக்காக நான் ஹீப்புக்கு அறுபது, அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. ஜாவா 8 வைத்திருந்தால் 8யூ191க்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு முந்தையவை கண்டெய்னர் எல்லையைச் சரியாகக் கவனிக்காமல், முழு மெஷினின் நினைவகத்தைப் பார்த்துக் கணக்குப் போடும்.

அடுத்தது, நம் ஊருக்கென்றே எழுதி வைத்ததுபோன்ற தவறு. கரண்ட் போகிறது, யூபிஎஸ்ஸும் கைவிடுகிறது, மெஷின் மறுபடி எழுகிறது. கண்டெய்னர்களை எப்படி ஓட்டுவது என்று எழுதும் கம்போஸ் கோப்பில் 'டேட்டாபேஸ் தயாரான பிறகே சர்வர்' என்று எழுதியிருக்கிறோமே என்று இருந்துவிடக் கூடாது. மெஷின் எழும்போது கண்டெய்னர்களைக் கிளப்புவது பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன். அந்த வரிசை அதற்குத் தெரியாது. டேட்டாபேஸ் கண் விழிக்குமுன் வைல்ட்ஃபிளை எழுந்துவிட்டால், இணைப்புக் கிடைக்காமல் உங்கள் அப்ளிகேஷன் டிப்ளாய் ஆகாமல், அதாவது சர்வரில் ஏறாமல், போகலாம். ஆனால் சர்வர் சாகாது. 'பிழைகளோடு தொடங்கியது' என்று லாகில் ஒரு வரி போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். டாக்கருக்கு அது உயிரோடு இருக்கிற கண்டெய்னர். செத்ததை மறுபடி கிளப்பும் ரீஸ்டார்ட் பாலிசி எதுவானாலும் அது பக்கத்தில் வராது. மையத்தில் நிற்பவருக்கோ 404, 'பக்கம் இல்லை' என்ற பிழை.

இதற்கு நான் செய்வது எளிது: சர்வரைக் கிளப்பும் ஸ்கிரிப்ட் முதலில் டேட்டாபேஸ் போர்ட்டைத் தட்டிப் பார்த்துக் காத்திருக்கும், பதில் வந்தபின்தான் வைல்ட்ஃபிளை. அந்த ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில், ஸ்கிரிப்ட்டின் இடத்தில் சர்வரையே உட்கார வைக்கும் எக்ஸெக் போட மறந்தால் டாக்கர் அனுப்பும் நிறுத்தச் சொல்லும் சிக்னல் சர்வருக்குப் போய்ச் சேராது. பத்து விநாடியில் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். சர்வர் நலமா என்று அவ்வப்போது பார்க்கும் ஹெல்த்செக் எழுதியிருக்கிறேனே என்பவர்களுக்கு ஒன்று: தனி டாக்கரில் அது 'நலமில்லை' என்று எழுதி வைக்கும், அவ்வளவுதான். மறுபடி கிளப்பிவிடும் வேலையைச் செய்வது பல கண்டெய்னர்களைக் கட்டி மேய்க்கும் குபர்னெட்டிஸ் மாதிரி ஆட்கள்.

கண்டெய்னரைச் சொந்த வீடாக நினைப்பதுதான் பாதித் தொல்லைக்கு வேர். அது சீசனுக்குக் குற்றாலத்தில் எடுத்த லாட்ஜ் ரூம். காலி செய்யும்போது கொடியில் காய்ந்த துண்டை மறந்தால் போனது போனதுதான். ஓடும் கண்டெய்னருக்குள் அட்மின் கன்சோல் வழியாக டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு விவரம்) சேர்ப்பது, அப்லோட் ஆகும் படங்களை உள்ளேயே வைப்பது, எல்லாம் அப்படித் தொங்கும் துண்டுதான். டேட்டாசோர்ஸை சிஎல்ஐ (கட்டளை வரி) ஸ்கிரிப்ட்டாக எழுதி, கண்டெய்னருக்கு அச்சான இமேஜ் கட்டும்போதே ஓட்டுங்கள். படங்களுக்கு, கண்டெய்னர் போனாலும் நிற்கும் வால்யூம். வைல்ட்ஃபிளையோடு மாதிரிக்கு வரும் ஹெச்2 என்ற சிறு டேட்டாபேஸின் டேட்டாசோர்ஸ் நினைவகத்தில் மட்டும் வாழ்வது. சர்வரை நிறுத்தினால் கணக்கு துடைத்த சிலேட்டு.

இமேஜின் பதிப்பு இடத்தில் லேட்டஸ்ட் என்று எழுதாதீர்கள். 2022 நவம்பரில் வந்த வைல்ட்ஃபிளை 27, நிறுவன ஜாவாவுக்கான தர வரையறையான ஜகார்த்தா ஈஈ 10க்கு மாறியது. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா ஆயின. 26இல் ஓடிய பழைய வார் கோப்பு (அப்ளிகேஷனைக் கட்டிய பொதி) அதில் அப்படியே ஓடாது. பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள்.

நிர்வாகப் போர்ட் 9990ஐ வெளியே திறந்துவிட்டு, யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் காவல் இருக்கிறது என்று தூங்கவும் வேண்டாம். டாக்கர் திறக்கும் போர்ட் அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 127.0.0.1 என்று முன்னால் சேர்த்துத் திறந்தால் அந்த மெஷினுக்குள் மட்டும் கிடைக்கும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் வினை ஒன்று உண்டு. ஜாவா 18 முதல், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8தான் இயல்பு எழுத்துக்குறிமுறை. 17 வரை அது சிஸ்டத்தின் லொக்கேலை (மொழி, எழுத்து அமைப்பு) பார்த்து முடிவு செய்யும். கண்டெய்னரில் பல சமயம் லொக்கேலே இருக்காது. இசக்கி, பேச்சி, சுடலை என்று உறுப்பினர் பட்டியல் முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நின்றது எனக்கு. லொக்கேலைச் சொல்லும் லாங் மாறியில் சி.யூடிஎஃப்-8 கொடுத்தபின் பெயர்கள் திரும்பின. பிடிஎஃப் சீட்டில் மட்டும் கட்டம் கட்டமாக வந்தது, ஏனென்றால் இமேஜில் தமிழ் எழுத்துருவே இல்லை. அவசரத்துக்கு, ஓடிக்கொண்டிருந்த கண்டெய்னருக்குள் எழுத்துருவை நகலெடுத்துப் போட்டேன். அடுத்த வாரம் புது இமேஜ் ஏற்றிய அன்று மறுபடியும் கட்டம், மறுபடியும் காலை ஆறு மணி போன்.