மஸ்டா 13பி ரோட்டரி என்ஜின்: எந்த பாகத்தை மறுபடி போடலாம்?

பிரித்ததும் முதலில் ரோட்டர் ஹவுசிங்கை, அதாவது முக்கோண ரோட்டர் சுழலும் வெளிக்கூட்டை, பாருங்கள். பட்ஜெட்டை முடிவு செய்வது அதுதான். ஓரத்தில் மட்டும் குரோம் லேசாக உரிந்திருந்தால் நான் மறுபடி போடுவேன். அப்பெக்ஸ் சீல் (ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருப்பது) உரசும் நடுப்பரப்பில், அதிலும் பிளக் துளைகளைச் சுற்றி, நகம் தடுக்கினால் வைக்கவே மாட்டேன். புது சீலையும் அது சில மாதங்களில் தின்றுவிடும்.

அடுத்து சைடு ஹவுசிங், அதாவது ரோட்டரின் இரு பக்கமும் மூடும் இரும்புத் தட்டு. சைடு சீல் (ரோட்டரின் பக்கவாட்டில் இருப்பது) ஓடிய தடத்தில் டயல் கேஜ் வையுங்கள், தேய்ந்த பள்ளத்தின் ஆழம் 0.10 மி.மீ. தாண்டினால் லேப்பிங் (பரப்பைத் தேய்த்துச் சமமாக்குவது) வேண்டும். வளைவுக்கு எல்லை 0.04 மி.மீ. லேப்பிங் செய்தால் நைட்ரைடு அடுக்கு (கடினமாக்கிய மேற்பரப்பு) போய்விடும் என்பதால் திரும்ப நைட்ரைடிங் கொடுப்பதே நல்லது. சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங் பக்கப் பட்டறைகளில் கொடுக்கும்போது இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் சுத்தம் செய்த இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். உடனே எண்ணெய் தடவுங்கள்.

சைடு சீலுக்கும் அதன் நுனியில் ரோட்டர் மூலையில் இருக்கும் கார்னர் சீலுக்கும் இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ.; 0.40 தாண்டினால் கம்ப்ரெஷன் கசியும். ரோட்டரில் அப்பெக்ஸ் சீல் உட்காரும் பள்ளத்தில் புது சீல் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளக்கவும், எல்லை 0.15 மி.மீ. பழைய சீலை வைத்து அளந்தால் தேய்ந்தது பள்ளமா சீலா என்று தெரியாது.

ஸ்பிரிங், ஓ-ரிங், கூலன்ட் சீல் எல்லாம் புதிது. சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமச் சான்று) முடிய ஒரு வருடமே இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்: சூட்டில் கெட்டிப்பட்ட கூலன்ட் சீல் கசிந்தால் மொத்த என்ஜினையும் திரும்பப் பிரிக்க வேண்டும்.