எதிரி வாசனையும் டாஃப்னியாவும்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாஃப்னியா என்ற நுண்ணிய குளத்து உயிரியான நீர்த்தெள்ளுக்குக் கவோபோரஸ் பூச்சியின் லார்வா பெரிய எதிரி. அந்த லார்வாவின் வாசனை கலந்த நீரில் வளரும் சில டாஃப்னியா இனங்களின் குட்டிகளுக்குப் பிடரியில் நுண்ணிய பற்கள் முளைக்கும். பிடியிலிருந்து நழுவ அவை உதவும். இவ்வளவு அழகான விஷயம், செய்முறைப் பிழையால் பள்ளித் திட்டங்களில் வீணாகிவிடக் கூடாது.

முதல் தவறு, லார்வாவைப் பட்டினி போடுவது. இந்த வாசனை அதன் உடம்பில் எப்போதும் ஊறிக்கொண்டிருப்பதல்ல. குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தோடு கொழுப்பு அமிலம் இணைந்த பொருள்கள்தான் அந்தச் சைகை என்று 2018இல் கண்டறிந்தார்கள். செரிமானத்துக்கு உதவும் இவை, லார்வா தின்றுவிட்டுக் கக்கும்போது நீரில் கலக்கின்றன. ஆகவே இரை கொடுங்கள், நீரை அன்றைக்கே பயன்படுத்துங்கள். வைத்திருந்தால் பாக்டீரியா சிதைத்துவிடும்.

அப்புறம், எதிரியின் வாசனையையும் அடிபட்ட இரையின் வாசனையையும் ஒன்றாக நினைப்பது. காயம்பட்ட மீனின் தோலிலிருந்து வரும் எச்சரிக்கைப் பொருளை விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1938இல் விவரித்தார். அது இரையிடமிருந்து வருவது. எனவே வெறும் நீர், நசுக்கிய டாஃப்னியா, பசித்த லார்வா, தின்ற லார்வா என நான்கு ஜாடிகளாவது வேண்டும். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று சொல்லவே முடியாது.

வளர்ந்த டாஃப்னியாவில் பற்களைத் தேடாதீர்கள். பிறக்கும் தறுவாயில் இருக்கும் கருவே சைகையை உணர்ந்துகொள்கிறது. பிறந்த குட்டியிடம் முதல் சில தோலுரிப்புகள் வரைதான் பற்கள் தெரியும். அதனால் முட்டை சுமக்கும் தாய்களையே அந்த நீரில் விடுங்கள்.

மீன்தொட்டி நீரை ஊற்றிப் பல் முளைக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. மீன் கண்ணால் வேட்டையாடுவது. அதற்கு எதிராக டாஃப்னியா பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும். கெண்டைக் குடும்ப மீன்களின் பித்த உப்பு ஒன்று இதைத் தூண்டுவதாக 2019இல் தெரியவந்தது. ஒவ்வொரு எதிரிக்கும் வேறு தற்காப்பு. தவிர, தொட்டி நீரிலுள்ள அம்மோனியா டாஃப்னியாவைக் கொன்றால் அதைப் பயம் என்று எழுதிவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் இன்னும் சில கவனம் தேவை. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் இருக்கிறது. ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போகாது, குளோரமைனை நீக்கும் மருந்து கலக்க வேண்டும். மீன் கடையில் வாங்கும்போது அது மொய்னா என்ற வேறு வகை நீர்த்தெள்ளா, டாஃப்னியாவா என்று கேளுங்கள். ஜாடிகளை வலையால் மூடுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும். மிச்சத்தைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ கொட்ட வேண்டாம்.